ஜன்னல் பக்கத்துக் கை

ஷேக் பரீத்துக்கு இருதயம் வலது பக்கம் இருக்கிறது என்று ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்தபோது அவருக்கு நாற்பத்தொரு வயது. அதுநாள் வரைக்கும் அது இடது பக்கம்தான் அடித்துக்கொண்டிருந்தது. அதற்கு அவரும் சாட்சி, அவர் மனைவி ஹபீபுன்னிசாவும் சாட்சி. ஆனால் அவர்களை யாரும் கேட்கவில்லை. காகிதம் வந்த பிறகு மனுஷரைக் கேட்பது அந்த ஆஸ்பத்திரியில் வழக்கமில்லை.

அவர் அங்கே போனதே இருதயத்துக்காக இல்லை. இதை இப்போதே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் கொஞ்ச நாளில் அங்கே எல்லோரும் இதைச் சுத்தமாக மறந்துபோனார்கள். பரீத் கோட்டைமேட்டில் மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டுகிறவர். கோயமுத்தூரைச் சுற்றி எந்தத் தோட்டத்தில் பம்புசெட் நின்றாலும் "பாயைக் கூப்புடுங்க" என்பார்கள். தொண்ணூற்று நாலு ஆவணியில் வெள்ளகோவில் பக்கம் ஒரு கிணற்றில் இறங்கி, மோட்டாரைக் கழற்றி மேலே அனுப்பிவிட்டு, தான் ஏறும்போது கல்படிப் பாசியில் கால் வழுக்கியது. எட்டடி கீழே இருந்த திட்டில் விழுந்தார். வலது தொடை எலும்பு இரண்டாகிவிட்டது. கயிற்றுக் கட்டிலில் வைத்துத் தூக்கினார்கள், டெம்போவில் போட்டுக் கோயமுத்தூருக்குக் கொண்டுவந்தார்கள்.

கொண்டுவந்து சேர்த்த ஆஸ்பத்திரியின் பேர் வேண்டாம். நாளைக்கு நமக்கே கை கால் உடைந்தால் அங்கே ஒரு கட்டில் கேட்க வேண்டியிருக்கும்.

எலும்பு டாக்டர் சின்ன வயசுக்காரர், பிரவின்குமார் என்று பேர். எக்ஸ்ரேயைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்துவிட்டு நல்லபடியாகத்தான் பேசினார். "பயப்படாதீங்க பாய். உள்ள ஒரு கம்பி வெச்சுட்டா மூணு மாசத்துல நடந்துருவீங்க. ஆனா மூணு வாரத்துக்குள்ள வெக்கோணும். தள்ளிப்போச்சுன்னா எலும்பு தன்பாட்டுக்குக் கோணலா ஒட்டிக்கும். கால் ரெண்டு இஞ்சு கட்டையாயிரும்."

"கட்டையானா கெணத்துல எறங்க முடியுங்களா?" என்று பரீத் கேட்டார்.

டாக்டர் எக்ஸ்ரேயை உறைக்குள் போட்டு மூடினார். அதுவே பதில். ஹபீபுன்னிசா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். கிணற்றில் இறங்க முடியாத பம்புசெட் மெக்கானிக்கை யார் கூப்பிடுவார்கள் என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சுவரில் இருந்த காலண்டரில் இருபத்தொரு நாள் எண்ணிப் பார்த்து வைத்துக்கொண்டாள்.

"ஆப்பரேசனுக்கு முன்னால ஒரு இ.சி.ஜி. மட்டும் எடுத்துருவோங்க. சும்மா ஒரு வழக்கந்தான்," என்றார் பிரவின்குமார்.

அந்தச் சும்மா வழக்கத்தில்தான் வந்தது வினை.

எலும்பு வார்டுக் கட்டில்களைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். கால் உடைந்தவர்களுக்குக் கயிறு கட்டி, உருளை வழியாக எடை தொங்கவிட ஒரு கம்பிச் சட்டம் வேண்டும். அது கால்மாட்டில் இருக்க வேண்டியது. கான்ட்ராக்ட் எடுத்தவர் முப்பது கட்டிலுக்கும் அதைத் தலைமாட்டில் பற்றவைத்துக் கொடுத்துவிட்டார். திருப்பி அனுப்பலாம் என்றால் அதற்கு மூன்று கையெழுத்து வேண்டும். அதனால் கட்டிலை அப்படியே விட்டுவிட்டு நோயாளிகளைத் திருப்பிப் போட்டார்கள். மற்ற எல்லா வார்டிலும் ஜனங்கள் வடக்குச் சுவருக்குத் தலை வைத்துப் படுத்திருந்தால், எலும்பு வார்டில் மட்டும் வடக்கே கால் நீட்டிப் படுத்திருந்தார்கள். காலில் எடை கட்டாத, வெறும் கை உடைந்தவனையும் அப்படித்தான் போட்டார்கள். வார்டு என்றால் ஒரு ஒழுங்கு வேண்டாமா?

இ.சி.ஜி. எடுக்க வந்தவர் நரசிம்மலு. இருபத்திரண்டு வருஷ சர்வீஸ். மெஷினைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வருவார், பேச மாட்டார், முகத்தைப் பார்க்க மாட்டார். நாளுக்கு அறுபது பேரைப் பார்க்கிறவர் அறுபது முகத்தையும் பார்த்துக்கொண்டிருந்தால் வேலை ஓடுமா? சர்வீசுக்கு வந்த முதல் வாரமே அவர் ஒரு சூத்திரம் கண்டுபிடித்து வைத்திருந்தார். சிகப்பு கிளிப் ஜன்னல் பக்கத்துக் கைக்கு. மஞ்சள் கிளிப் கதவுப் பக்கத்துக் கைக்கு. பச்சையும் கறுப்பும் கால்களுக்கு. அந்த ஆஸ்பத்திரியில் எல்லா வார்டுக்கும் ஜன்னல் மேற்கே, கதவு கிழக்கே. சூத்திரம் ஒருநாளும் தப்பினதில்லை. நெஞ்சில் ஒட்டுகிற ரப்பர் குமிழ் ஆறும் விரிசல் விட்டு மூன்று வருஷமாயிற்று. அதனால் நெஞ்சை விட்டுவிட்டுக் கை கால்களில் மட்டும்தான் எடுப்பார். புதுசுக்கு எழுதிப் போட்டிருந்தது. வரும்.

பரீத் படுத்தபடியே நரசிம்மலுவின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வயரைக் கண்டால் பார்க்காமல் இருக்க அவரால் முடியாது. மெஷின் மூடியின் உள்பக்கம் ஒரு மனுஷன் படம் ஒட்டியிருந்தது. படத்தில் சிகப்பு வயர் வலது கைக்குப் போயிற்று. இங்கே தன்னுடைய இடது கையில் சிகப்பு கடித்துக்கொண்டிருந்தது.

"ஏனுங்க, சிகப்பும் மஞ்சளும் மாறிப்போச்சுங்களே," என்றார் பரீத்.

நரசிம்மலு சுவிட்சைப் போட்டார். காகிதம் ஓடியது.

"அந்தப் படத்துல வேற மாதிரி இருக்குதுங்க."

"அது ஜெர்மன்காரன் படங்க," என்று சொல்லிவிட்டு, வண்டியைத் தள்ளிக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார் நரசிம்மலு.

மறுநாள் காலை ஆப்பரேசன் இல்லை என்றார்கள். மயக்க ஊசி போடுகிற டாக்டர் மாட்டேன் என்றுவிட்டாராம். காகிதத்தில் கோடெல்லாம் தலைகீழாக இருக்கிறது, இது இருதயம் வலது பக்கம் இருக்கிறவனின் காகிதம், பெரியவர் பார்த்து ஃபிட்னஸ் கொடுக்காமல் ஊசியைத் தொட மாட்டேன் என்று எழுதியிருந்தார்.

ஹபீபுன்னிசா நர்சைத் தேடிப் பிடித்தாள். "அம்மணி, இங்க வந்து கைய வெச்சுப் பாருங்க. இடது பக்கந்தானுங்க அடிக்குது."

நர்ஸ் பழனியாத்தாள் நல்ல பொம்பளை. கையை வைத்துப் பார்த்தாள். அடித்தது. சங்கடமாகக் கையை எடுத்துக்கொண்டாள். "அடிக்குதுங்க அக்கா. ஆனா பேப்பர்ல இல்லீங்களே," என்றாள்.

பெரியவர் என்று எல்லோரும் சொன்னது டாக்டர் பாலகோபாலை. ஆஸ்பத்திரிக்கே தலைவர். ஐந்தாறு வருஷமாக அவருக்கு ஒரு மனக்குறை இருந்தது. அவர் பேரில் ஒரு கண்டுபிடிப்பும் இல்லை. மெட்ராஸ்காரர்கள் மாநாட்டுக்கு மாநாடு எதையாவது கண்டுபிடித்துக்கொண்டு வந்தார்கள். இவர் சால்வையை வாங்கிக்கொண்டு திரும்பி வந்தார். அப்படிப்பட்டவரின் மேஜைக்குத்தான் பரீத்தின் காகிதம் போய்ச் சேர்ந்தது. அவர் சந்தேகப்பட்டு யாரும் விரித்துப் பார்க்காமல் ஃபைலில் கிடந்த எலும்பு வார்டின் பழைய காகிதங்களையெல்லாம் வரவழைத்தார். நாற்பத்து மூன்று பேர். நாற்பத்து மூன்று பேருக்கும் இருதயம் வலது பக்கம். மற்ற வார்டுகளில் ஒருத்தருக்கும் இல்லை.

சாதாரண மனுஷனாக இருந்தால் இந்த இடத்தில் கொஞ்சம் யோசித்திருப்பான். பெரியவர் யோசிக்கவில்லை. எழுந்து நின்று கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாராம், கண் கலங்கியிருந்ததாம். பியூன் சொன்னான்.

இரண்டாம் நாள் சாயங்காலம் பரிவாரத்தோடு வார்டுக்கு வந்தார். பரீத்தின் கால்மாட்டில், அதாவது தலைமாட்டில், நின்று பேசினார்.

"டாக்டர்களே, இத்தனை காலமும் உலகம் எலும்பை எலும்பாகவும் இருதயத்தை இருதயமாகவும் பார்த்துக்கொண்டிருந்தது. எலும்பு முறிகிற அந்த நொடியில் இருதயம் திடுக்கிட்டு வலது பக்கம் திரும்புகிறது. எலும்பு சேரும்போது மறுபடி இடது பக்கம் திரும்பும். திரும்பியே ஆக வேண்டும். இதை நாம்தான் முதலில் பார்க்கிறோம்."

பிரவின்குமார் தயங்கித் தயங்கி ஒரு எக்ஸ்ரேயை நீட்டினார். "சார், நெஞ்சு எக்ஸ்ரேல இருதயம் இடது பக்கந்தான் இருக்குதுங்க சார்."

பெரியவர் அன்போடு சிரித்தார். "எக்ஸ்ரே காட்டுறது இருதயம் இருக்கிற இடம், தம்பி. இ.சி.ஜி. காட்டுறது இருதயத்தோட எண்ணம். பேசாம நோட் பண்ணிக்குங்க."

பிரவின்குமாருக்கு அந்த வருஷம்தான் மேல்படிப்புப் பரீட்சை, மார்க் போடுகிறவர் பெரியவர். பேசாமல் எழுதிக்கொண்டார்.

அப்போது பரீத் வாயைத் திறந்தார். "டாக்டருங்க, நான் மோட்டார் மெக்கானிக்குங்க. மோட்டாருக்கு மூணு வயருங்க, ரெட்டு, எல்லோ, ப்ளூ. ரெட்டையும் எல்லோவையும் மாத்திக் குடுத்தா மோட்டார் தலைகீழாச் சுத்துமுங்க. தண்ணி ஏறாது. அதுக்காக நாங்க மோட்டாரப் பிரிக்க மாட்டோமுங்க. வயரத்தான் மாத்துவோம். என்ற கைல அந்த ரெண்டு வயரு மாறியிருக்குதுங்க. அவ்வளவுதானுங்க."

பெரியவர் கோபப்படவில்லை. எங்கள் பக்கத்தில் கழுத்தை நெரித்தாலும் 'ங்க' போட்டுத்தான் நெரிப்பார்கள்.

"அப்படீங்களா? நீங்க மோட்டாருங்களா?"

"இல்லீங்க."

"அப்புறம் எதுக்குங்க வயரப் பத்திப் பேசறீங்க?" பிறகு டாக்டர்கள் பக்கம் திரும்பினார். "நோயாளி சொல்றதைக் கேட்க ஆரம்பிச்சா ஆராய்ச்சி நின்னு போயிரும். இதை எல்லாரும் ஞாபகம் வெச்சுக்கணும்."

இருந்தாலும் நியாயவான் அல்லவா, ஒரு விசாரணை வைத்தார். வயர் மாறியிருக்கிறதா என்று பார்க்க மூன்று பேர் கமிட்டி. அவர்கள் நரசிம்மலுவைக் கூப்பிட்டு, ஆபீஸ் கிளார்க் ராமுலுவைப் பொது வார்டில் ஒரு கட்டிலில் படுக்கப் போட்டு, இ.சி.ஜி. எடுக்கச் சொன்னார்கள். ராமுலு வடக்கே தலை வைத்துப் படுத்தார். நரசிம்மலு ஜன்னல் பக்கத்துக் கைக்குச் சிகப்பை மாட்டினார். காகிதம் அருமையாக வந்தது. வயர் சரி, மெஷின் சரி, நரசிம்மலு சரி, ஆகவே நோயாளிதான் தப்பு என்று கமிட்டி எழுதிக் கொடுத்தது.

"அவர இந்தக் கட்டில்ல படுக்க வெச்சு எடுங்க!" என்று பரீத் கத்தினார்.

நல்லா இருக்கிற ஆளை எலும்பு வார்டுக் கட்டிலில் படுக்க வைக்க விதியில்லை என்று பதில் வந்தது.

அடுத்த கட்டிலில் ராசப்பன் என்று ஒருவர், வைக்கோல் வண்டியிலிருந்து விழுந்து முழங்காலுக்குக் கீழே உடைந்தவர். வாழ்க்கையெல்லாம் பிறத்தியார் காட்டில் கூலி வேலை. அவருக்கு இதில் சந்தோஷம். "உட்டுத்தள்ளுங்க பாய். எங்க பரம்பரைலயே ஒருத்தனுக்கும் இல்லாத இருதயமுங்க. நேத்து அஞ்சு டாக்டரு வந்து என்ற நெஞ்சத் தொட்டுப் பாத்தாங்க. இதுக்கு முன்ன எவனுங்க என்னயத் தொட்டான்?"

பரீத் சிரித்துவிட்டார். சிரித்த பிறகு முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

அதற்கப்புறம் வார்டு ஆராய்ச்சிக்கூடம் ஆகிவிட்டது. கட்டிலுக்குக் கட்டில் 'வலது' என்று சிகப்பு அட்டை தொங்கியது. தினம் பதினொரு மணிக்கு நரசிம்மலு வந்தார், தினம் ஜன்னல் பக்கத்துக் கையில் சிகப்பு கடித்தது. ஸ்டெதாஸ்கோப்பை வலது பக்கம் வைத்துத்தான் கேட்க வேண்டும் என்று உத்தரவு. அங்கே எதுவும் சரியாகக் கேட்காததால் வார்டில் எல்லோருக்கும் இருதயம் பலவீனம் என்று எழுதினார்கள். பலவீனத்துக்கு ஒரு மாத்திரை. மாத்திரையால் தலை சுற்றியது. தலை சுற்றுவது வலது இருதயத்தின் இரண்டாவது அறிகுறி என்று சேர்த்துக்கொண்டார்கள். சைக்கிளில் இடித்துக்கொண்டு சுண்டுவிரல் பிசகி வந்த ஒரு வாத்தியாரையும் கட்டில் காலியாக இருந்தது என்று படுக்கப் போட்டார்கள். அரை மணி நேரத்தில் அவர் இருதயமும் வலது பக்கம் போய்விட்டது. மனுஷர் வீட்டுக்குச் சொல்லியனுப்பி உயில் எழுதினார்.

எல்லாவற்றையும்விடக் கொடுமையான உத்தரவு ஒன்று வந்தது. பத்தாம் நாளில் மாநில மாநாடு. அதுவரைக்கும் எலும்பு வார்டில் ஒரு எலும்பையும் சேர்க்கக் கூடாது. எலும்பு சேர்ந்தால் இருதயம் திரும்பிவிடும், அப்புறம் வருகிறவர்களுக்கு எதைக் காட்டுவது? மாநாடு முடிந்த மறுநாள் வலது இருதயக்காரர் எல்லோருக்கும் பெரியவரே கையெழுத்துப் போட்டு ஃபிட்னஸ் தருவார், எல்லோருக்கும் ஆப்பரேசன் உண்டு.

"பத்து நாளுங்களே, போச்சாதுங்க, பரவால்லீங்க. இன்னும் பதினோரு நாள் மிச்சம் இருக்குது," என்றாள் ஹபீபுன்னிசா. அவள் கணக்கு எப்போதும் அவளிடம் இருந்தது.

பரீத் வாயை மூடிக்கொண்டு காத்திருந்தார். ஒன்பதாம் நாள், தலைமை விருந்தாளிக்குத் தேதி ஒத்து வரவில்லை என்று மாநாட்டை இருபதாம் நாளுக்குத் தள்ளி வைத்தார்கள்.

அன்றைக்கு ஹபீபுன்னிசா சோற்றைப் பிசைந்து வைத்துக்கொண்டு அழுதாள். சத்தம் வராமல் அழுதாள், வார்டில் மற்றவர்களும் சாப்பிட வேண்டுமே என்று. பரீத் மேலே தொங்கிய உருளையைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். மாநாடு மறுபடியும் தள்ளிப்போனால்? கால் உள்ளுக்குள் ஒட்ட ஆரம்பித்திருந்தால்? கேட்கவும் ஆளில்லை. பிரவின்குமார் இப்போதெல்லாம் அவர் கட்டிலருகே வேகமாக நடந்து போனார்.

இன்னும் எட்டு நாள் பொறுத்தார். பதினேழாம் நாள் பதினொரு மணிக்கு பரீத் தன் தொழிலைச் செய்தார். நரசிம்மலு கிளிப்புகளை மாட்டிவிட்டு, பிளக்கைச் சொருகத் திரும்பிக் குனிந்தார். பத்தொன்பது வருஷம் ஸ்டார்ட்டர் பெட்டிக்குள் விரலை விட்ட கை அது. சிகப்பை இடது கையிலிருந்து எடுத்து வலதில் போட்டார், மஞ்சளை வலதிலிருந்து எடுத்து இடதில் போட்டார். மூன்று எண்ணுவதற்குள் முடிந்தது. காகிதம் ஓடி முடிந்து நரசிம்மலு அதைக் கிழிக்கும்போது மறுபடி பழையபடி மாற்றி வைத்துவிட்டார்.

"இனி பாரு," என்று மனைவியிடம் சொன்னார். "கோடு நேரா வந்திருக்கும். இருதயம் சரியாருக்குதுன்னு தெரிஞ்சா இன்னைக்கே கம்பி வெச்சுருவாங்க."

அவருக்கு மோட்டாரைத் தெரியும். ஆஸ்பத்திரியைத் தெரியாது.

அரை மணியில் வார்டே அதிர்ந்தது. பெரியவர் ஓடிவந்தார், நிஜமாகவே ஓடிவந்தார். காகிதம் கையில் படபடத்தது. பரீத்தின் இரண்டு கையையும் பிடித்துக் குலுக்கினார்.

"திரும்பிருச்சு! இருதயம் இடது பக்கம் திரும்பிருச்சு! உலகத்துல முதல் கேஸ். நான் சொன்னேனில்ல? எலும்பு சேர்ந்துருச்சுங்க பாய், உங்களுக்கு எலும்பு சேர்ந்துருச்சு!"

பரீத் கையை உருவிக்கொண்டார். "இல்லீங்க. இன்னும் அசைச்சா உள்ள கரகரங்குதுங்க. நாந்தானுங்க வயர மாத்தினேன்..."

"சந்தோசத்துல பேசறாரு," என்றார் பெரியவர் மற்றவர்களிடம்.

பிரவின்குமார் புது எக்ஸ்ரே எடுத்துக்கொண்டு வந்தார். எலும்பு இரண்டு துண்டாகத்தான் இருந்தது. "சார், இன்னும் சேரலீங்க சார்," என்று முணுமுணுத்தார். அந்த மனுஷருக்கு அதைச் சொல்ல எவ்வளவு தைரியம் வேண்டியிருந்ததோ!

"எக்ஸ்ரேக்கு இன்னும் தெரியல. தெரியவரும்," என்றார் பெரியவர்.

காலில் தொங்கிய எடையைக் கழற்றினார்கள். கழற்றியதும் தொடைச் சதை எலும்பை இழுத்துக்கொண்டது. பரீத் போட்ட சத்தத்தில் எதிர் வார்டிலிருந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். 'வலது' அட்டையை எடுத்துவிட்டு 'குணம்' என்று பச்சை அட்டை மாட்டினார்கள். கம்பி வைக்கிற பட்டியலில் அவர் பேரை அடித்தார்கள், தினம் இ.சி.ஜி. எடுப்பதையும் நிறுத்தினார்கள், குணமானவனுக்கு எதற்கு ஆப்பரேசன், எதற்கு இ.சி.ஜி.? மாநாட்டில் ஒருமுறை காட்டிவிட்டு வீட்டுக்கு அனுப்புவதாக ஏற்பாடு.

"ஏனுங்க, உங்களுக்கு எதுக்குங்க இந்த வேலை?" என்று ஹபீபுன்னிசா தலையில் அடித்துக்கொண்டாள். பிறகு அவர் நெற்றியைத் துடைத்துவிட்டாள். துடைக்கத் துடைக்க வேர்த்துக்கொண்டே இருந்தது.

இருபதாம் நாள் மாநாடு. ஊரிலேயே பெரிய மண்டபம், முழுக்க ஏசி. சுவரெல்லாம் திரை போட்டு மூடியிருந்தது. ஐந்நூறு டாக்டர்கள். பரீத்தைச் சக்கர நாற்காலியில் மேடையோரம் நிறுத்தியிருந்தார்கள். ஹபீபுன்னிசாவைக் கடைசி வரிசைக்குப் பின்னால் நிற்க விட்டார்கள். பெரியவர் முக்கால் மணி நேரம் பேசினார்.

"இனி எக்ஸ்ரே வேண்டாம். மாவுக்கட்டு வேண்டாம். எலும்பு உடைந்ததா, சேர்ந்ததா, நோயாளியைத் தொடாமலே, பார்க்காமலே, அவன் வலியைக் கேட்காமலே சொல்லிவிடலாம். வைத்தியத்தில் பெரிய தொந்தரவே நோயாளிதான் என்பதை அனுபவஸ்தர்கள் அறிவீர்கள். அந்தத் தொந்தரவை நாங்கள் நீக்கியிருக்கிறோம்!"

கைதட்டல் அடங்கச் சிறிது நேரம் பிடித்தது. "இதோ, குணமான முதல் மனிதர். எழுந்து இரண்டு அடி நடந்து காட்டுங்கள் பாய்."

"முடியாதுங்க," என்றார் பரீத்.

"கூச்சப்படறாரு. தூக்கி விடுங்க."

இரண்டு பேர் கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கி நிறுத்திவிட்டு, நடக்கட்டும் என்று விலகிக்கொண்டார்கள். வலது கால் தொடையில், மடங்கக் கூடாத இடத்தில் மடங்கியது. பரீத் மேடையில் சரிந்தார். "யா அல்லா!" என்று பின்னாலிருந்து ஒரு பெண் குரல் மண்டபத்தையே கிழித்தது.

ஐந்நூறு டாக்டர்கள் எழுந்து நின்றார்கள். பெரியவர் ஒரு நொடிதான் வெளுத்தார். அவ்வளவு பெரிய பதவிக்குச் சும்மா வரவில்லை. மைக்கைப் பிடித்தார்.

"பார்த்தீர்களா! உங்கள் கண் முன்னால் எலும்பு மறுபடி முறிந்திருக்கிறது. என் கொள்கை சரியென்றால் இந்த நிமிஷம் இருதயம் வலது பக்கம் திரும்பியிருக்க வேண்டும். நரசிம்மலு, மெஷினைக் கொண்டாங்க!"

விருந்தாளிகளுக்கு முன்னால் இருந்த நீள மேஜையில் பூங்கொத்தை நகர்த்திவிட்டுப் பரீத்தைக் கிடத்தினார்கள். நரசிம்மலு வண்டியைத் தள்ளிக்கொண்டு மேடை ஏறினார். சிகப்பு கிளிப்பைக் கையில் எடுத்தார். நிமிர்ந்து பார்த்தார். இந்தப் பக்கம் திரை, அந்தப் பக்கம் திரை. எதிரே ஐந்நூறு முகம். மண்டபத்தில் எங்கேயும் ஜன்னல் இல்லை.

இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவையாக நரசிம்மலு குனிந்து ஒரு நோயாளியின் முகத்தைப் பார்த்தார்.

"பாய்," என்றார் காதுக்குள். "உங்க சோத்துக் கை எதுங்க?"

வலியில் பரீத்துக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. ஆனால் கேள்வி நன்றாகக் காதில் விழுந்தது. இருபது நாளாக யாராவது கேட்க மாட்டார்களா என்று அவர் காத்துக்கிடந்த கேள்வி. வலது கையைக் காட்டினால் கோடு நேராக வரும். நேராக வந்தால் எலும்பு சேர்ந்துவிட்டது என்பார்கள், பச்சை அட்டையோடு வீட்டுக்கு அனுப்புவார்கள், கால் போச்சு. இடது கையைக் காட்டினால் கோடு தலைகீழாக வரும். தலைகீழானவர்களுக்கெல்லாம் நாளைக் காலை ஆப்பரேசன். நாளையோடு இருபத்தொரு நாள்.

அவர் தொழிலில் எத்தனையோ பேர் அவசரத்துக்கு வயரை மாற்றிக் கொடுத்துவிட்டுக் காசை வாங்கிக்கொண்டு போயிருக்கிறார்கள். பரீத் ஒருநாளும் செய்ததில்லை. தண்ணி ஏறாத மோட்டாரை ஓடுது என்று சொல்லி அவர் எந்தத் தோட்டத்திலிருந்தும் இறங்கியதில்லை. அதை நினைத்துத்தானோ, வலியினால்தானோ, கண்ணிலிருந்து நீர் வழிந்து காதுக்குள் போயிற்று.

இடது கையைத் தூக்கினார்.

"இதுதானுங்க," என்றார்.

நரசிம்மலு நன்றியோடு சிகப்பு கிளிப்பை அதில் மாட்டினார். காகிதம் ஓடியது. பெரியவர் அதைப் பிடுங்கி வெளிச்சத்தில் உயர்த்திப் பார்த்தார், ஐந்நூறு பேருக்கும் காட்டினார். கைதட்டினார்கள் பாருங்கள், அப்படி ஒரு கைதட்டலை அந்த மண்டபம் கண்டதில்லை என்று ராமுலு பின்னால் சொன்னார். தலைமை விருந்தாளி பெரியவருக்குச் சால்வை போர்த்தினார். மிச்சமிருந்த ஒன்றை நரசிம்மலுவுக்கும் போர்த்தினார்கள்.

கடைசி வரிசைக்குப் பின்னால் ஹபீபுன்னிசா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். கலியாணமாகி இத்தனை வருஷத்தில் ஒரு டம்ளர் தண்ணியைக்கூட அவர் இடது கையால் நீட்டியதில்லை. அவர் எந்தக் கையைத் தூக்கினார் என்று அத்தனை தூரத்திலிருந்தும் அவளுக்குத் தெரிந்தது. ஏன் தூக்கினார் என்றும் தெரிந்தது.

சாயங்காலம் வார்டில் சிகப்பு அட்டையை மறுபடி மாட்டினார்கள். எடையைத் தொங்கவிட்டார்கள். ராசப்பன் அடுத்த கட்டிலிலிருந்து, "வந்துட்டீங்களா பாய், நம்ம கட்சிக்கு?" என்றார் சந்தோஷமாக.

பிரவின்குமார் ஆப்பரேசன் படிவத்தோடு வந்தார். பரீத்தின் பேரை முதலில் எழுதியிருந்தார். அவர் கண்ணைப் பார்க்காமல் படித்துக் காட்டினார். "எலும்பு, வலது தொடை, முறிவு. இருதயம், வலது. இதெல்லாம் உண்மைன்னு நீங்க ஒத்துக்கிட்டு ஒரு கையெழுத்துப் போடோணுங்க. காலைல ஏழரைக்கு உங்களத்தான் முதல்ல எடுக்கறோம்."

பேனாவை நீட்டினார். பரீத் அதை வாங்காமல் தன்னுடைய இரண்டு கையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"எந்தக் கைலீங்க போடோணும்?" என்று கேட்டார்.